கந்தபுராணத்தை நிறுத்திய ஒரே ஒரு எழுத்து: கச்சியப்ப சிவாச்சாரியார் வரலாறு

ஓம் சரவணபவ!



சூரபத்மன் மாமரமா நின்னான். வேல் அதை ரெண்டாப் பிளந்தது. ஒரு பாதி மயிலாச்சு, இன்னொரு பாதி சேவலாச்சு. இந்தக் கதை நமக்குச் சின்ன வயசுலயே தெரியும். கந்த சஷ்டி வந்தா திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை நேர்லயோ போன்லயோ பார்த்துடுறோம். சிங்கமுகன், தாரகன், வீரபாகு தேவர்னு ஒவ்வொருத்தர் பேரும் நமக்கு அத்துப்படி.

இந்தக் கதையை எல்லாம் முழுசாத் தமிழ்ல பாடிக் கொடுத்தவர் காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாச்சாரியார். அவர் பாடின கந்தபுராணம் அரங்கேறப் போன அன்னைக்கே, முதல் பாட்டுலயே, ஒரு எழுத்தால நின்னு போச்சுன்னு மரபு சொல்லுது. அந்த ஒரு எழுத்தைப் புரிஞ்சுக்கிட்டா கச்சியப்பரையும் நல்லாப் புரிஞ்சுக்கலாம். அதனால இன்னைக்குப் பதிவுல கொஞ்சம் இலக்கணமும் வரும். பயப்படாதீங்க, ஸ்கூல் இலக்கணம் மாதிரி இருக்காது.

குமரகோட்டத்து அர்ச்சகர்

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது குமரகோட்டம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி. சோமாஸ்கந்தர் அமைப்பே ஊரா அமைஞ்சிருக்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

இங்கே முருகன் இருக்கிற கோலமும் தனி. கையில் ஜபமாலை, கமண்டலம். படைப்புத் தொழில் பார்க்கிற பிரம்மாவின் கோலம் அது. காரணம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். பிரணவத்துக்குப் பொருள் கேட்டார் முருகன். பிரம்மாவுக்குச் சொல்லத் தெரியல. தலையில குட்டிச் சிறையில வச்சுட்டு, படைப்புத் தொழிலைத் தானே எடுத்துக்கிட்டார். ஓம் என்கிற ஒரே ஒரு ஒலியை, பொருள் தெரியாம உச்சரிச்சதுக்காகப் படைப்புக் கடவுளையே நிறுத்திக் கேட்ட சந்நிதி இது. இதை மனசுல வச்சுக்கோங்க.

இந்தக் கோயிலில் பூஜை செய்யும் ஆதிசைவர் குடும்பத்தில் பிறந்தவர் கச்சியப்பர். தகப்பனார் பெயர் காளத்தியப்ப சிவாச்சாரியார். பையன் வடமொழியும் தமிழும் ரெண்டுமே ஆழமாப் படிச்சார், ஆகமங்களும் கத்துக்கிட்டார். வளர்ந்ததும் குமரகோட்டத்து முருகனுக்குப் பூஜை செய்யும் பணி அவர் கைக்கு வந்தது.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். தணிகைப் புராணம் பாடின கச்சியப்ப முனிவர் வேற ஆள். அவர் 18ஆம் நூற்றாண்டு, சிவஞான முனிவரோட மாணவர். பகிரப்படுற சில பதிவுகள்ல ரெண்டு பேரையும் ஒருத்தராவே எழுதிடுறாங்க. நம்ம கச்சியப்ப சிவாச்சாரியார் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தினவர்.

தினமும் நூறு பாட்டு

ஒரு நாள் ராத்திரி முருகன் கனவுல வந்து, வடமொழி ஸ்காந்தத்துல சங்கர சங்கிதையில சிவரகசிய கண்டத்துல இருக்கிற தன்னோட வரலாற்றைத் தமிழ்ல பாடச் சொன்னார். முதல் பாட்டு எந்தச் சொல்லுல தொடங்கணும்னும் அவரே எடுத்துக் கொடுத்தார். இது மரபு.

கச்சியப்பர் எழுத ஆரம்பிச்சார். பகல்ல நூறு பாட்டு. ராத்திரி அர்த்தஜாம பூஜை முடிஞ்சதும் அந்த ஏடுகளை முருகன் திருவடியில வச்சுட்டு, நடையைச் சாத்திட்டுப் போயிடுவார். காலையில வந்து திறந்தா, ஏட்டுல சில இடங்கள்ல திருத்தம் இருக்கும். அந்தத் திருத்தத்தை அப்படியே ஏத்துக்கிட்டு அடுத்த நூறு.

நூல்ல மொத்தம் 10,345 பாட்டு. நூறு நூறாப் போட்டா 104 நாள் கணக்கு வருது. உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தக்ஷ காண்டம்னு ஆறு காண்டம். ஏழாவதான உபதேச காண்டத்தை அவர் பாடல, பின்னால கோனேரியப்பர் பாடினார்.

நூல் முடிஞ்சாச்சு. இனி அரங்கேற்றம்.

அரங்கேற்றம்னா இன்னைக்கு நடக்குற புத்தக வெளியீட்டு விழா மாதிரின்னு நினைக்காதீங்க. பொன்னாடை, பாராட்டு, போட்டோ, அதோட முடிஞ்சு போற விஷயம் இல்ல. பிஎச்டி பண்றவங்களுக்கு வைவா நடக்குமே, அதுக்குப் பக்கத்துல வரும். நூல் செஞ்சவர் ஒவ்வொரு பாட்டா வாசிச்சுப் பொருள் சொல்லணும். சபையில இருக்கிற புலவர் யார் வேணாலும் எந்த இடத்துல வேணாலும் நிறுத்திக் கேட்கலாம். பதில் சொல்ல முடியலன்னா நூல் சபை ஏறாது. அந்தக் காலத்துல அச்சும் கிடையாது, பதிப்பகமும் கிடையாது. சபை ஒத்துக்கிட்டாத்தான் நாலு பேர் படி எடுப்பாங்க. படி எடுக்கலன்னா கரையான் தின்னு முடிஞ்சு போகும். அன்னைக்கு அந்த மண்டபத்துல பணயமா இருந்தது இதுதான்.

முதல் சொல்லிலேயே தடை

முதல் பாட்டு விநாயகர் காப்பு. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் இருக்கும் விகடசக்கர விநாயகரைப் போற்றும் பாட்டு. அதோட முதல் சொற்கள் திகட சக்கரம். கச்சியப்பர் பொருள் சொன்னார். திகழ், தசம், கரம். அதாவது ஒளிவிடுகிற பத்துக் கைகள். ஐந்து முகமும் பத்துக் கையும் உள்ள சிவபெருமானைக் குறிக்குது.

சபையில ஒரு புலவர் எழுந்தார். திகழ் என்ற சொல்லும் தசக்கரம் என்ற சொல்லும் சேர்ந்தா திகழ்தசக்கரம்னுதானே வரணும், திகடசக்கரம்னு எப்படி வரும், இதுக்கு எந்த இலக்கணத்துல விதி இருக்குன்னு கேட்டார்.

இது முருகன் எடுத்துக் கொடுத்த சொல்னு கச்சியப்பர் சொன்னார். அப்படின்னா அந்த முருகனே வந்து விதியைக் காட்டட்டும், இல்லன்னா நீங்க காட்டுங்க, அதுவரைக்கும் அடுத்த பாட்டுக்குப் போக முடியாதுன்னு சபை சொல்லிடுச்சு. அரங்கேற்றம் நின்னுடுச்சு.

கேட்டது வம்புக்கா?

கதையைக் கேக்குறப்ப நமக்கு அந்தப் புலவர் மேல கோபம் வரும். பக்தி இல்லாத ஆளுன்னு தோணும். ஆனா அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. எப்படின்னு பார்ப்போம்.

ரெண்டு சொல் சேரும்போது நடுவுல எழுத்து மாறுறதைப் புணர்ச்சின்னும் சந்தின்னும் சொல்றோம். தமிழ்ல சில எழுத்துக்குப் பின்னாடி த வந்தா அது ட ஆயிடும். உண் என்பதோட இறந்தகாலத்துல உண்தான்னு யாரும் சொல்றதில்ல, உண்டான்தான். கேள்தான் இல்ல, கேட்டான். ண், ள் ரெண்டுக்கும் பின்னாடி த நிக்காது. எல்லாருக்கும் தெரிஞ்ச விதி.

ஆனா ழ் அப்படி இல்ல. தமிழ், தாய் ரெண்டும் சேர்ந்தா தமிழ்த்தாய். வாழ் என்பதிலிருந்து வாழ்த்து. ழ் தன் இடத்துலயே நிக்குது, பக்கத்துல த வும் தானாவே நிக்குது. ரெண்டும் மாறல. அப்படியிருக்க இங்க மட்டும் ழ், த ரெண்டும் கரைஞ்சு ஒரே ட ஆனது எப்படி? புலவர் கேட்டது இதைத்தான். பெரியவர் பாடிட்டார்னு விட்டுட்டா, நாளைக்கு யார் வேணாலும் எப்படி வேணாலும் எழுதிட்டு முருகன் சொன்னார்னு சொல்லிடலாமே.

கச்சியப்பருக்கு ஒரு சுலபமான வழியும் இருந்தது. சொல்லை மாத்திடலாம். பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டுல ஒரு சொல். ஆனா அந்தப் பாட்டோட ஓசையைப் பாருங்க. நாலு அடியும் திகட, சகட, அகட, விகடன்னு தொடங்குது. நாலுக்கும் பின்னாடி சக்கரம் வருது. கடைசியில வர்ற விகடசக்கரன் என்பது பிள்ளையாரோட பெயர், அதை மாத்த முடியாது. அந்தப் பெயருக்கு ஏத்த மாதிரிதான் மத்த மூணு அடியும் அமைஞ்சிருக்கு. திகழ்தசக்கரம்னு பிரிச்சுப் போட்டாலும் ரெண்டாம் எழுத்து எதுகை கெடாது. ஆனா சக்கரம் சுத்துற மாதிரி வர்ற அந்த ஓசை போயிடும். முதல் சொல்லைத் தொட்டா முழுப் பாட்டும் குலையும்.

கச்சியப்பர் சொல்லை மாத்தல. சபையோட சண்டையும் போடல. எனக்கு முருகன் தெரியும், உனக்கு என்ன தெரியும்னு எழுந்து போகவும் இல்ல. சபை கேட்ட ஆதாரம் வேணும்னு ஒத்துக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி முருகன்கிட்ட அதைத்தான் கேட்டுக்கிட்டுப் படுத்தார்.

நாக்கு என்ன செய்யுது?

கதையை இங்க ஒரு நிமிஷம் நிறுத்திட்டு நீங்களே ஒரு சோதனை செஞ்சு பாருங்க.

முதல்ல த சொல்லுங்க. நாக்கு நுனி மேல் பல்லோட அடியில போய் ஒட்டும். அடுத்து ட சொல்லுங்க. நாக்கு மேல வளைஞ்சு அண்ணத்துல ஒட்டும். இப்ப ழ. நாக்கு ட வுக்குப் போன மாதிரியே மேல வளையும், ஆனா ஒட்டாது, சும்மா வருடிட்டு வரும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துல பிறப்பியல்னு ஒரு இயலே வச்சு, எந்த எழுத்துக்கு நாக்கு எங்க போகுது, எங்க ஒட்டுது, எங்க வருடுதுன்னு இப்படித்தான் எழுதி வச்சிருக்கார். இன்னைக்குப் பல்கலைக்கழகங்கள்ல ஒலியியல்னு படிக்கிறதும் இதே வேலைதான். அவங்களுக்குக் கருவி இருக்கு, அவருக்குக் கவனம் மட்டும்தான் இருந்தது.

இப்ப திகழ் சொல்லிட்டு உடனே தசக்கரம்னு வேகமாச் சொல்லுங்க. ழ் க்காக மேல போன நாக்கு, த வுக்காகப் பல்லு வரைக்கும் இறங்கி வரணும். வேகமாச் சொல்றப்ப இறங்காம, மேல இருந்த இடத்துலயே ஒட்டிடுச்சுன்னா என்ன ஒலி வரும்? ட தான் வரும். ழ் கொடுத்தது இடம், த கொடுத்தது ஒட்டுற தன்மை. ரெண்டும் சேர்ந்தா ட. ண் க்கும் ள் க்கும் பின்னாடி நடக்குறதும் இதேதான். ஆக, திகட என்பது வாய்க்கு ஒவ்வாத மாற்றம் இல்ல.

ழ வும் ட வும் எவ்வளவு நெருங்கின சொந்தம்னு தெரியணும்னா பக்கத்து வீட்டைப் பாருங்க. நம்ம ஏழு தெலுங்குல ஏடு. நம்ம கோழி தெலுங்குல கோடி. நம்ம சோழர் அங்க சோடர். கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டிய கல்வெட்டுலயும் சோழர் சோடர்னுதான் வர்றாங்க. இது புணர்ச்சி விதி இல்ல, வேற கதைதான். ஆனாலும் ழ இருந்த இடத்துல ட வந்து உட்கார்றது நம்ம மொழிக் குடும்பத்துக்குப் புதுசு இல்லன்னு இதுல தெரியுது.

ஆனா ஒலி இயல்பா வருதுன்னா மட்டும் சபைக்குப் போதாது. யாராவது அதைக் கவனிச்சு, விதியா எழுதி வச்சிருக்கணும்.

சோழ நாட்டிலிருந்து வந்த ஏடு

கச்சியப்பர் கனவுல முருகன் வந்தார். சோழ நாட்டுல வீரசோழியம்னு ஒரு இலக்கண நூல் இருக்கு, அதோட சந்திப் படலத்துல இந்தப் புணர்ச்சிக்கு விதி இருக்கு, நாளைக்கு ஒரு புலவர் அதைக் கொண்டு வருவார்னு சொன்னார். மறுநாள் சபை கூடுச்சு. சோழ நாட்டுப் புலவர் ஒருத்தர் ஏட்டோட வந்தார். விதியைப் பிரிச்சுக் காட்டினார். சபை படிச்சுப் பார்த்துத் தலைவணங்குச்சு. கேள்வி கேட்டவரும் ஒத்துக்கிட்டார். ஏடு கொண்டு வந்தவர் முருகனேதான்னு பக்தர்கள் சொல்லுவாங்க.

இந்த இடத்துல ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

முதல் விஷயம், முருகன் எதைக் கொண்டு வந்தார் என்பது. நினைச்சிருந்தா அசரீரியாப் பேசியிருக்கலாம். கேள்வி கேட்ட புலவரோட நாக்கைக் கட்டிப் போட்டிருக்கலாம். புராணத்துல அதுக்கெல்லாம் பஞ்சமே இல்ல. ஆனா இந்தக் கதையில முருகன் கொண்டு வந்தது ஒரு புத்தகம். கேட்டது இலக்கணக் கேள்வி, பதிலும் இலக்கணத்துலயே வந்தது. பிரணவத்துக்குப் பொருள் கேட்டவர், தன் பாட்டுக்கு விதி கேட்டப்ப கோபப்படல.

ரெண்டாவது விஷயம், அந்தப் புத்தகம் யார் எழுதினது என்பது. வீரசோழியம் எழுதினவர் புத்தமித்திரர். பெயர்லயே தெரியும், அவர் பௌத்தர். வீரராஜேந்திர சோழன் காலத்துல, அதாவது 1063 முதல் 1070 வரை ஆண்ட மன்னன் காலத்துல, அவன் பெயராலேயே இந்த நூலைச் செஞ்சார். வடமொழி இலக்கண முறையைத் தமிழோட பொருத்திப் பார்த்த நூல் இது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணின்னு அஞ்சு இலக்கணத்தையும் ஒரே நூல்ல சொல்லுது. அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் முருகன்னு நம்ம மரபு சொல்லும். புத்தமித்திரரோ அவலோகிதர்கிட்ட அகத்தியர் தமிழ் கேட்டார்னு எழுதினவர். அப்படிப்பட்டவரோட விதிதான் சைவர்கள் சபையில கந்தபுராணத்தைக் காப்பாத்துச்சு. எழுதினவர் நம்ம சமயம் இல்லையேன்னு சபையில யாரும் அதைத் தள்ளினதாக் கதையில இல்ல. விதி சரியா இருக்கான்னுதான் பார்த்தாங்க.

கச்சியப்பரோட காலத்தைப் பத்தி ஆய்வாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரல. எட்டாம் நூற்றாண்டுன்னு சொல்றவங்களும் உண்டு, ரொம்பப் பின்னால தள்ளி வைக்கிறவங்களும் உண்டு. அந்த விவாதத்துல இந்த ஒரு எழுத்தும் சாட்சியா வருது. வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டு நூல், அதைக் காட்டித்தான் அரங்கேற்றம் நடந்ததுன்னா கச்சியப்பர் அதுக்கு முன்னாடி இருந்திருக்க முடியாதுன்னு வாதம் போகுது. அரங்கேற்றக் கதை பின்னால சேர்ந்ததுன்னு வச்சுக்கிட்டா அந்த வாதம் நிக்காது. எப்படியோ, ஒரு ழ் ட ஆனது நூறு வருஷக் கணக்கையே அசைக்குது.

பல்லக்கில் ஏறிய நாள்

தடை நீங்கினதும் அரங்கேற்றம் தொடர்ந்தது. ஒரு வருஷம் நடந்ததாச் சொல்லுவாங்க. 10,345 பாட்டை ஒரு வருஷத்துக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 28 பாட்டு. வாசிச்சு, பொருள் சொல்லி, கேள்விக்குப் பதில் சொல்லிப் போறதுக்கு அது சரியான வேகம்தான். முடிஞ்ச அன்னைக்குத் தொண்டை மண்டலத்து இருபத்து நான்கு கோட்டத்து வேளாளர்கள் கச்சியப்பரைப் பல்லக்கில் ஏத்தி, நூலோட வீதிவலம் கொண்டு வந்தாங்க. முதல் நாள் முதல் சொல்லுல நின்ன மனுஷருக்கு அந்த வருஷக் கடைசியில கிடைச்ச மரியாதை அது.

அதுக்கப்புறம் அந்த நூல் எங்கெங்கோ போச்சு. முக்கியமா யாழ்ப்பாணம். அங்க கோயில்கள்ல புராண படனம்னு ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் கந்தபுராணப் பாட்டை ராகத்தோட வாசிப்பார், இன்னொருத்தர் பொருள் சொல்லுவார், ஊரே உட்கார்ந்து கேட்கும். யாழ்ப்பாணத்து வாழ்க்கை முறையைக் கந்தபுராண கலாசாரம்னே பேர் வச்சுச் சொல்றாங்க. வீரசோழியத்தை 1881இல் அச்சுல பதிப்பிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர்தான். அரங்கேற்றத்துக்குக் கைகொடுத்த ஏடு அச்சேறினதும் கந்தபுராணத்தைத் தினம் கேட்கிற ஊர்க்காரர் கையாலதான்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன். முருகனைப் பத்தி ஆன்லைன்ல யாராவது ஒரு கேள்வி கேட்டா, இந்தக் கதைக்கு எங்க ஆதாரம், இந்தப் பாட்டு எந்த நூல்ல இருக்குன்னு கேட்டா, கமெண்ட்ல நம்ம பசங்க உடனே கொதிச்சுப் போறாங்க. கேட்டவனைத் திட்டுறாங்க, பிளாக் பண்றாங்க. அடுத்த தடவை கை பரபரன்னு வர்றப்ப கச்சியப்பரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. முருகனே நேர்ல சொன்ன சொல்லுன்னு நம்பினவர் அவர். அவர்கிட்டயே ஆதாரம் கேட்டாங்க, கேட்ட ஆதாரத்தைத் தேடிக் கொடுத்தார். நமக்குத் தெரிஞ்சா நூலைக் காட்டுவோம், தெரியலன்னா தேடுவோம்.

காஞ்சிபுரம் போனா குமரகோட்டத்துக்கு அவசியம் போங்க. கந்தபுராணம் அரங்கேறின மண்டபம் கோயிலுக்குள்ளேயே இருக்கு. மூலவரைத் தரிசிச்சுட்டு அந்த மண்டபத்துல கொஞ்ச நேரம் உட்காருங்க. முடிஞ்சா காப்புச் செய்யுளைப் போன்ல எடுத்து வாய்விட்டு மெதுவாப் படிங்க. முதல் சொல்லுல நாக்கு எங்க போய் ஒட்டுதுன்னு கவனிங்க.

கச்சியப்பர் திருவடி போற்றி!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

படிச்சுப் பிடிச்சிருந்தா உங்க குழுவுல இருக்கிற முருக பக்தர்களுக்கும் அனுப்புங்க.